ரதத்தில் நாய்க்கு இடம் உண்டா?

மகாபாரதம் ஒரு நாயின் முறையீட்டோடு தொடங்கி, மற்றொரு நாயின் பொருட்டு எழுந்த வழக்கோடு முடிகிறது என்று யாரேனும் சொன்னால், கேட்ட மாத்திரத்தில் அது மிகையாகத் தோன்றினும், ஆதி பர்வத்தின் தொடக்கத்தையும் மகாபிரஸ்தானிக பர்வத்தையும் அடுத்தடுத்து வாசித்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஜனமேஜய மன்னன் குருக்ஷேத்திரத்தில் நெடிய யாகம் ஒன்று நடத்திக்கொண்டிருந்த காலத்தில், அங்கே வந்து நின்ற நாய்க்குட்டியை அவனுடைய தம்பிமார் அடித்து விரட்டினார்கள். குட்டி அழுதுகொண்டே தாயிடம் போயிற்று. தேவலோகத்து நாயாகிய சரமை யாகசாலைக்கு நேரில் வந்து, ஹவிஸை நக்காமலும் அதன்மேல் கண்ணைக்கூடச் செலுத்தாமலும் இருந்த என் பிள்ளையை எதற்காக அடித்தீர்கள் என்று கேட்டபோது, சாஸ்திரம் கரை கண்ட அந்தச் சபையில் விடை சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. எதிர்பாராத பயம் உன்னை வந்தடையும் என்ற சாபந்தான் அரசனுக்கு மிஞ்சியது. இதிகாசம் அங்கே ஆரம்பமாகிறது.

முடிவைப் பெரும்பாலோர் அறிவர்; ஆனால் அதன் நுட்பங்களைத் தமிழர் அதிகம் பேசுவதில்லை. வில்லிபுத்தூரார் போர் முடிந்ததும் தம் பாரதத்தை நிறுத்திக்கொண்டுவிட்டது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அஸ்தினாபுரத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் ஐந்து சகோதரர், ஆறாவதாகத் திரௌபதி, ஏழாவதாக ஒரு நாய் என்று வியாசர் எண்ணிச் சொல்கிறார். அழைத்துப் போனார்கள் என்று சொல்லவில்லை, அதுவாகப் பின்தொடர்ந்தது. கிழக்கே லௌஹித்தியக் கரை வரை சென்று, தெற்கே திரும்பி, மேற்கில் கடல்கொண்ட துவாரகையைக் கண்டு, வடக்கே இமயம் ஏறி, பாரத பூமியையே பிரதக்ஷிணமாக வந்த அந்தப் பிரயாணம் முழுவதிலும் அது கூடவே நடந்தது. வழியில் திரௌபதி விழுந்தாள். சகதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுந்தார்கள். திரும்பிப் பாராமல் நடந்த தருமனுக்கு எதிரே இந்திரனுடைய ரதம் வந்து நின்றபோது, பக்கத்தில் மிஞ்சியிருந்தது நாய் ஒன்றே. ஏறு என்றான் இந்திரன். இதுவும் என்னோடு வர வேண்டும் என்றான் தருமன். நாயுடையோருக்குச் சுவர்க்கத்தில் இடமில்லை, அவர்களுடைய புண்ணியத்தைக் குரோதவசர்கள் பறித்துக்கொள்வார்கள் என்று சட்டம் பேசினான் தேவராஜன். பத்தினியையும் உடன்பிறந்தாரையுமே விட்டுவிட்டு வந்தவனுக்கு ஒரு நாயை விடுவதில் என்ன தயக்கம் என்றும் கேட்டான். கூர்மையான கேள்விதான். அதற்குத் தருமன் சொன்ன மறுமொழியில் கண்ணீர் ஒரு துளி இல்லை: அவர்கள் இறந்த பின்னரே பிரிந்தேன், இறந்தவரை எழுப்ப என்னால் ஆகாது, உயிரோடு இருப்பதும் என்னை அண்டி வந்ததுமான ஒன்றைக் கைவிடுவது வேறு காரியம். அந்த நாய் தனக்குப் பிரியமானது என்று அவன் ஓரிடத்திலும் வாதாடவில்லை என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பழைய வழக்கை இப்போது எடுத்துப் பேசுவதற்கு ஒரு முகாந்தரம் உண்டு. படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றியதுபோல் அமைத்த கேம்பர்வேன் என்னும் வாகனம் நம் பேராக் மாநிலச் சாலைகளிலும் இப்போது தென்படுகிறது. பள்ளி விடுமுறைக் காலத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையிலும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்வுத்தலங்களிலும், தாம்பூன் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்திலும் அவற்றைக் காணலாம். அவற்றுள் சிலவற்றின் ஜன்னலில் ஒரு நாயின் முகமும் தெரிகிறது. ரயிலிலும் பேருந்திலும் நாயோடு ஏற முடியாது. நாயை ஏற்றுக்கொள்ளும் விடுதியோ அரிது. ஆகவே தங்குமிடத்தையும் தாமே இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கே அந்தச் சௌகரியம் வாய்த்திருக்கிறது. இப்படிப் பிரயாணம் செய்யும் நம்மவர் வழியில் கோயிலுக்கும் போகிறார்கள். வழக்கு அங்கேதான் மறுபடியும் விசாரணைக்கு வருகிறது.

ஈப்போ குனோங் சீரோவில், மலையடிவாரத்தில் முருகன் குடிகொண்ட கல்லுமலைக் கோயிலின் வாசலில் இதை நேரிற் கண்டேன். வேனின் பக்கத்துக் கூரைத்துணியை விரித்து, அந்த நிழலில் செம்மஞ்சள் நிற நாட்டு நாய் ஒன்றைப் பிடித்தவாறு ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஒரு கையில் வார், மற்றொரு கையில் அர்ச்சனைத் தட்டு. நாயின் ஒரு காது நுனியில் பழைய கிழிசல். அதன் முன்னே எவர்சில்வர்க் கிண்ணத்தில் தண்ணீர். செருப்பை விட வந்த முதியவள் ஒருத்தி நின்று, "ஏம்மா, இத வண்டியிலயே விட்டுட்டு ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிக் கும்பிட்டா என்னா?" என்று கேட்டாள். "வெயிலு ஏறிடுச்சு பாட்டி. கண்ணாடிய மூடுனா மூச்சு முட்டும், தொறந்து வச்சா குதிச்சிரும். அவரு போயிட்டு வரட்டும், அப்புறம் நான் போறேன்," என்றார் அம்மாள். அவ்விதமே கணவர் திரும்பி வந்து வாரை வாங்கிக்கொண்டார்; மனைவி தட்டோடு உள்ளே போனார்; தீபாராதனையை இருவரும் சேர்ந்து பார்க்கவில்லை. வந்தவர் தம் விரலில் ஒட்டியிருந்த திருநீற்றை நாயின் நெற்றியில் இட்டதைக் கண்டு முதியவள் முகம் சுளித்தாள். பைரவருக்கு நாய் வாகனமாயிற்றே என்று அவளுக்குச் சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை. கேள்வி அந்தத் திருநீற்றைப் பற்றியதன்று.

கேள்வி இது: யாத்திரை என்பது பற்றுகளைக் குறைத்துக்கொள்வதற்காக ஏற்பட்டது என்றால், பற்றுகளுள் மிக மென்மையானதும் அதனாலேயே மிகவும் இறுகப் பிணிப்பதுமான ஒன்றைக் கழுத்துவாரோடு கூட்டிக்கொண்டு போவது தர்மத்துக்கு ஒத்ததா, அன்றா? வேதாந்தம் கற்றவர்கள் உடனே ஜடபரதர் கதையைக் காட்டுவார்கள். அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

பரத மன்னர் இராஜ்யத்தைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்துகொண்டிருந்தார். சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சி ஆற்றைத் தாண்டப் பாய்ந்த நிறைசூல் மான் ஒன்று, கருவைத் தண்ணீரில் நழுவவிட்டு இறந்தது. வெள்ளத்தில் போன குட்டியைப் பரதர் எடுத்து வளர்த்தார். அதற்குப் புல் தேடினார்; அது காட்டுக்குள் போனால் ஓநாய் தின்றிருக்குமோ என்று கலங்கினார்; ஜபத்தின் நடுவே எழுந்து போய் அது வந்துவிட்டதா என்று பார்த்தார்; நியமங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் இல்லாமலே போயின; மரண காலத்தில் மானையே நினைத்து, மானாகவே பிறந்தார். பிராணியிடம் வைத்த பாசம் சாம்ராஜ்யத்தைத் துறந்தவரையும் கீழே இழுத்துவிட்டது என்று உபந்நியாசகர்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்தி எச்சரிக்கை செய்வது வழக்கம்.

என் அபிப்பிராயத்தில், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்துகிறார்கள். மூன்றாம் பிறவியில் அதே பரதர் பிராமண குலத்தில் தோன்றி, ஊமைபோலவும் ஜடம்போலவும் திரிந்தபோது, சௌவீர மன்னன் ரகூகணனுடைய பல்லக்குக்கு ஆள் குறைந்ததென்று இவரைப் பிடித்துத் தண்டில் சேர்த்தார்கள். மற்றவர்கள் ஒரே சீராக நடக்க, இவர் அடியெடுத்து வைக்குமிடத்தை ஓர் அம்பின் நீளத்துக்கு முன்கூட்டியே நோக்கி நடந்தார். காலடியில் எறும்பு முதலிய உயிர் எதுவும் நசுங்கிவிடலாகாது என்பதற்காக என்று உரை சொல்கிறது. அதனால் பல்லக்குக் குலுங்கியது; அரசன் சினந்தான்; அந்தச் சினத்துக்கு விடையாகத்தான் பாகவதத்தின் உன்னதமான ஞானோபதேசங்களுள் ஒன்று பிறந்தது. மான்குட்டியைக் காப்பாற்றியது குற்றமாக இருந்திருந்தால், ஞானம் முற்றிய பிறவியில் அந்தக் கருணை அடங்கிப் போயிருக்க வேண்டும். அது எறும்பு வரைக்கும் அல்லவா பெருகியிருக்கிறது! தம்மைச் சரண் அடைந்த பிராணியைத் தம்முடைய மகிழ்ச்சிக்குரிய பொருளாக மாற்றிக்கொண்டதே பரதர் செய்த பிழை. தருமன் செய்ததும் பரதர் செய்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. முன்னவன் நாய்க்காக ரதத்தை நிறுத்தினான். பின்னவர் மானில்லாத ஒரு நாழிகையைத் தம்மால் பொறுக்க முடியாமல் தவத்தை நிறுத்தினார். இந்த வேற்றுமையை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சிலேதான் பார்த்துக்கொள்ள முடியும். சாஸ்திரத்துக்கு அங்கே பிரவேசம் இல்லை.

இவ்வளவும் இதிகாச புராணம். ஆனால் இந்தப் பேராக் மண்ணில் நாயையும் வாகனத்தையும் சேர்த்து நினைக்கும்போது, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முதலில் கண்முன் வருவது இந்திரனுடைய ரதம் அன்று, லோரி. 1877-இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஹியூ லோ நட்டுவித்த ரப்பர்க் கன்றுகளிலிருந்து ஒரு மரம் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. அந்த மரத்தின் வம்சம் பெருகப் பெருக, கங்காணியின் பின்னே கப்பலேறி வந்த நம் முன்னோர் லயன் என்னும் வரிசை வீடுகளில் குடியமர்ந்தார்கள். லயத்து வாசலில் ஒரு நாய் இல்லாத வீடு அபூர்வம். விடியுமுன் பெரட்டு என்னும் ஆட்கணக்கெடுப்புக்குப் போகும்போது அது முன்னால் ஓடும். பால்வெட்டுக் காட்டில் பாம்பையும் பன்றியையும் கண்டு குரைக்கும். மத்தியானம் பால் வாளியோடு திரும்பும்போது அதுவும் திரும்பும். அதற்கு யாரும் கழுத்துவார் கட்டியதில்லை, பிறந்தநாள் கொண்டாடியதுமில்லை. காவல் தெய்வமாகிய முனீஸ்வரனுடைய மேடைக்குக் கீழே அது படுத்துறங்கும். சுவாமியின் பக்கத்தில் சுதையாலும் ஒரு நாய் நின்றுகொண்டிருக்கும்.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. 1950-களிலும் அதன் பின்னும் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறு போட்டு விற்றுச் சென்றபோது, தொழிலாளர்களே பங்குப்பணம் கட்டித் தோட்டங்களை வாங்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பியது நம் சரித்திரத்தில் ஒரு மகத்தான காரியம். ஆனாலும் அந்த வெள்ளத்துக்கு முழு அணை கட்ட ஒரு சங்கத்தால் ஆகுமா? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லயன்கள் காலியாயின. கட்டில், தையல் மெஷின், சுவாமி படங்கள், கோழிக்கூடை எல்லாம் லோரியில் ஏறின. தெய்வத்தையும்கூட எடுத்துப் போக வழி இருந்தது: கோயிலடியில் ஒரு பிடிமண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டால், போகிற இடத்தில் அந்த முனீஸ்வரனையே எழுந்தருளச் செய்துவிடலாம். நாய்க்கு அப்படி ஒரு பிடிமண் சடங்கு இல்லை. மாற்று வீடென்று கிடைத்த அடுக்குமாடியிலோ நாய்க்கு அனுமதி அரிது. லோரிக்குப் பின்னால் செம்மண் பாதையில் அது ஓடி வந்ததையும், தார்ச்சாலை வந்ததும் நின்றுவிட்டதையும் நம் மூத்த தலைமுறையில் பலர் இன்றைக்கும் சொல்லக் கேட்கலாம். சொல்லும்போது குரல் இறங்கும்.

இந்த இடத்தில் தருமனுடைய அளவுகோலை எடுத்து அவர்களை அளக்கலாமா? அண்டியதைக் கைவிடுதல் மகாபாதகம் என்ற வாக்கியத்தை, இருபத்து நான்கு மணி நேரத்தில் வீட்டைக் காலி செய் என்று உத்தரவு பெற்றவன்மேல் செலுத்தலாமா? கூடாது என்பதே என் தீர்ப்பு. தருமனுக்கு எதிரே நின்ற ரதம் அவனுடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அவனிடம் இருந்தது. பால்வெட்டுகிறவனுக்கு முன்னால் நின்ற லோரிக்கு மணிக்கணக்கில் வாடகை. கைவிட்ட பாவம் யாருக்கேனும் உண்டென்றால், நூறாண்டு உழைத்த மனிதர்களுக்கே ஒதுக்கிடம் வைக்காமல் வரைபடம் போட்டவர்களுக்கு உண்டு. அந்த வரைபடத்தில் நாய் எங்கே இருந்திருக்கும்? ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. தர்மம் சக்தியைப் பொறுத்தது என்றால், சக்தி வந்த பிறகு அந்தச் சமாதானம் செல்லாது. பாட்டனாருக்கு லோரியில் இடமில்லை. பேரனுடைய வேனில் இருக்கிறது. பாட்டனார் மன்னிக்கப்பட வேண்டியவராக இருப்பதனாலேயே பேரன் கேட்கப்பட வேண்டியவனாகிறான்.

எப்படி அழைத்துச் செல்வது என்பதற்குப் பிரமாணம் தேடினால், அது வங்காளத்திலிருந்து கிடைக்கிறது. கிருஷ்ணதாச கவிராஜர் இயற்றிய சைதன்ய சரிதாமிருதத்தின் அந்திய லீலையில், முதல் அத்தியாயத்திலேயே அந்த வரலாறு வருகிறது. ஆண்டுதோறும் வங்காளத்து அடியார்களைப் பூரி க்ஷேத்திரத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைச் சிவானந்த சேனர் ஏற்றிருந்தார். வழியிலுள்ள சுங்கமும் சாப்பாடும் அவர் கவலை. ஒருமுறை ஒரு நாய் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. ஆற்றங்கரையில் ஓடக்காரன் நாயை ஏற்ற மறுத்தான். சிவானந்தர் அவனோடு தர்க்கம் செய்யாமல், பத்துப் பணம் சோழி கொடுத்து நாயை அக்கரை சேர்த்தார். ஒரு பணம் 80 சோழி. ஆக 800 சோழி, ஒரு தெருநாயின் பிரயாணக் கட்டணம்! பிறிதொரு நாள் சுங்கத்துறையில் அவர் தாமதிக்க நேர்ந்தது. பணியாள் நாய்க்குச் சோறு வைக்க மறந்துபோனான். இரவு வந்து சேர்ந்த சிவானந்தர் முதலில் கேட்டது, நாய்க்குச் சோறு போட்டாயா என்பதே. இல்லை என்றறிந்து பத்துப் பேரை நாலு திசைக்கும் அனுப்பித் தேடச் செய்தார், நாய் அகப்படவில்லை, அன்றிரவு அவரும் உண்ணவில்லை. பூரியை அடைந்தபோது, சைதன்ய மகாப்பிரபு எறிந்துகொண்டிருந்த தேங்காய்த் துண்டுகளைத் தின்றவாறு அது அவர் முன்னே உட்கார்ந்திருந்தது. தம்முடைய பிழைக்காகச் சிவானந்தர் அந்த நாயை விழுந்து வணங்கினார். அது பின்னர் வைகுண்டம் சேர்ந்ததென்று நூல் கூறுவதை நம்புவோர் நம்பட்டும். ஓடக்கூலி கொடுத்ததும், சோறு வைத்தாயா என்று கேட்டதும், தேட ஆள் அனுப்பியதும் எந்த நாஸ்திகனும் நம்பக்கூடிய சங்கதிகள். என் மனத்தில் தங்குபவையும் அவையே.

நாம் வாழும் தேசத்தில் அண்டை வீட்டாரின் மரபையும் இங்கே நினைக்க வேண்டும். நாயின் ஸ்பரிசத்தைத் தவிர்ப்பது மலாய் முஸ்லிம்களின் மார்க்க ஒழுக்கம். ஓய்வுத்தலத்தில் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே நாயை இழுத்துக்கொண்டு நடப்பது சுதந்திரம் ஆகாது, அநாகரிகம். அதே சமயம், அவர்களுடைய வேதத்திலேயே, கொடுங்கோலனுக்கு அஞ்சிக் குகையில் அடைக்கலம் புகுந்து நீண்ட காலம் உறங்கிய இளைஞர்களோடு ஒரு நாயும் வாயிலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த செய்தி, குகை என்ற பெயருடைய அத்தியாயத்தில் வருகிறது; அந்த இளைஞர் எத்தனை பேர் என்று சொல்லப்படும் ஒவ்வொரு கணக்கிலும் நாயும் சேர்த்தே எண்ணப்படுகிறது. பாண்டவரை எண்ணிய வியாசரும் நாயை ஏழாவதாக எண்ணினார் அல்லவா! குகைக்குள் விடாவிட்டாலும், ரதத்தில் ஏற்ற மறுத்தாலும், கூட வந்ததைக் கணக்கிலிருந்து எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை.

இனிச் சற்றுக் கசப்பான விஷயம். பிரயாணத்துக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் சிவானந்தர் அல்லர். நாய்க்குத் தீர்த்தமும் இல்லை, ஸ்தலமும் இல்லை. கேமரன் மலைக் குளிரும் ஈப்போ வெள்ளைக் காப்பியும் அதற்கு ஒரு பொருட்டல்ல. தன் மனிதருடைய வாடை எங்கே இருக்கிறதோ அதுவே அதன் க்ஷேத்திரம். உடலெங்கும் வியர்வை விட்டுத் தணியும் வசதி அதற்கு இல்லை, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அடைத்துப் பூட்டிய வண்டி கிந்தா வெயிலில் சில நிமிஷங்களிலேயே அடுப்பாகிவிடும். கிழநாயையும் நோயுற்ற நாயையும் மலைப்பாதை வளைவுகளில் குலுக்கிக்கொண்டு போய், நானும் அதுவும் பிரிய மாட்டோம் என்று படம் எடுத்து எல்லோருக்கும் காட்டுகிறவர், பரதர் மான்குட்டியிடம் செய்ததையே செய்கிறார். பரதரிடம் இருந்த தவம் மட்டும் இவரிடம் இல்லை. அப்படிப்பட்ட நாய்க்கு, பழகிய ஒருவரிடம் ஒப்படைத்து, வேளைக்குச் சோறு வைத்தாயா என்று வழியிலிருந்து கேட்டுக்கொள்வதே கைவிடாமை. குட்டியாக இருந்தபோது கூட்டிப்போய், வளர்ந்து தொல்லையானதும் ஏதோ ஒரு சாலையோரத்தில் இறக்கிவிட்டு வருகிறவர்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை. சரமை கேட்ட கேள்வி அவர்களுக்காக இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

கோயில் நிர்வாகத்தார்க்கு ஒரு விண்ணப்பம் செய்து முடிக்கிறேன். கருவறைக்குள் நாயை விடச் சொல்லவில்லை. ஆகமம் ஆகமமாக இருக்கட்டும். காலணி வைக்க அடுக்குக் கட்டியிருக்கிறீர்கள், காரை நிறுத்தத் திடல் சமன்படுத்தியிருக்கிறீர்கள். அந்தத் திடலின் ஓரத்தில், மரநிழல் பார்த்து, நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும் போட்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும், கட்டுவதற்கு நான்கைந்து இரும்பு வளையங்களும், பார்த்துக்கொள்ள முறைவைத்து ஒரு தொண்டரும் ஏற்பாடு செய்யுங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல் போடுகிற கைகளுக்கு அது பெரிய செலவாகாது. கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று தீபாராதனை பார்ப்பார்கள்.